கடைசி பகி

"கார்டு இருக்காக்கா?"

வனப் பூங்காவில், பகி எனும் பேட்டரி வண்டிக்கான கவுண்டரில் உட்கார்ந்திருந்த தம்புசாமி மறுபடியும் கேட்டார்.

"கார்டெல்லாம் எதுக்குண்ணே? புள்ளைக்குக் கால்ல அடி. சரியாயிடும் லா," என்றாள் சீதாலெட்சுமி.

மோட்டார் சைக்கிளில் மகள் அடிபட்ட நாளிலிருந்து, மூன்று வருடமாக யார் கேட்டாலும் அவள் பதில் இதுதான். சுங்கை வேயில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் இதுதான், பெண் கேட்டு வந்தவர்களுக்கும் இதுதான்.

"அடிபட்டவங்களுக்கு பகி இல்லக்கா. இருக்கிற ரெண்டு சீட்டும் ஊனமுற்றவங்களுக்கு. ஓகேயு கார்டு இருந்தா ஏத்திக்கலாம்."

ஓகேயு கார்டு! ஊனமுற்றவர் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எந்த மாப்பிள்ளை வீடு வாசல் மிதிக்கும்? டாக்டர் நீட்டிய பாரத்தை அன்றைக்கே கிழித்துக் குப்பையில் போட்டவள் அவள்.

சக்கர நாற்காலியில் இருந்த மலர்விழி மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். காட்டுக்குள் இருக்கும் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று பிறந்தநாளுக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள். ஏரி வரைக்கும் மேடு. நாற்காலியைத் தள்ள முடியாது.

"அப்போ அடுத்த பகியில ஏத்துங்க."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, சீக்கிரம் மூடிடுவோம். இதான் கடைசி."

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். "சரியாயிடும்னா, சரியானப்புறம் வாங்களேன் ஆன்டி!"

பகிக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

சீதாலெட்சுமிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! கவுண்டரை ஓங்கித் தட்டினாள்.

"மனுசனாய்யா நீ? கண்ணு அவிஞ்சு போச்சா? என் புள்ளையால நடக்க முடியாது! இனிமே நடக்கவே முடியாதுன்னு டாக்டரே கைய விரிச்சிட்டாரு! போதுமா?"

சிரித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தான் சொன்னது தன் காதிலேயே விழ, சீதாலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மலர்விழி கைப்பையைத் திறந்தாள். துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து கவுண்டரில் வைத்தாள்.

ஓகேயு கார்டு.

தம்புசாமி அதைத் திருப்பிப் பார்த்தார். பகியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"எடுத்து ரெண்டு வருசமாச்சே! கையில வச்சுக்கிட்டா இவ்ளோ நேரம் சும்மா இருந்தே? முன்னாடியே காட்டறதுக்கென்னம்மா?"

"காட்டியிருப்பேன் அங்கிள்," என்றாள் மலர்விழி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே. "அம்மா தாங்க மாட்டாங்க."