இரும்புக் கைப்பிடி

மதகைத் திறந்ததும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது சுழன்று எலும்பை உடைத்துவிடும் என்று தயாபரன் இரண்டு முறை சொல்லியிருந்தான். கால்வாயில் நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் முதல் லொக்கிலேயே சுகிர்தா மறந்துபோனாள். அவன் அதைக் கழற்றி அவளுடைய வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். "இனி மறக்கமாட்டாய்" என்றான். கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதியர் தங்கள் நாயைப் பார்க்கத் தொடங்கினார்கள். மகள் ஆரணி மட்டும் தகப்பனையே பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது.

அடுத்த லொக்கில் அவன் படகோடு அந்தக் கல்தொட்டிக்குள் இருந்தான். தாயும் மகளும் மேலே நின்றார்கள். தண்ணீரை வெளியேற்ற மதகைத் திறந்தபோது சுகிர்தாவின் மணிக்கட்டுக்குள் ஏதோ முறிந்தது. அப்படியும் மறக்காமல் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டாள். நீர் இறங்க இறங்க, படகின் பின்பக்கம் கதவோரக் கல்விளிம்பில் ஏறி மாட்டிக்கொண்டது. முன்பக்கம் தாழ்ந்தது. உள்ளே தட்டுகள் சரிந்து உடைந்தன. சுக்கான் தடியில் தொங்கியபடி அவன் கத்தினான்.

"மூடடி! கெதியா மூடடி!"

அவள் கைப்பிடியைப் பொருத்தித் திருகினாள். வலக்கை மடங்கி விழுந்தது. இடக்கைக்கு அது அசையவில்லை. படகுக்குள் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

"நீ மூடு, பிள்ளை!" என்று கீழிருந்து மகளைப் பார்த்துக் கத்தினான்.

ஆரணி தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள்.