தண்ணீர் பார்க்காத மோட்டார்

கீழ் ஸ்குருவை முதலில் கழற்றினார் மலையாண்டி. பிறகு மேல் ஸ்குருவை. மேலே காற்று நுழைந்தால்தான் கீழே ஆயில் இறங்குமாம்.

எதிர் வீட்டு மாடியில், துணி காயப்போடும் சாக்கில் நான் நின்றிருந்தேன்.

ஆயுத பூஜை என்றால் ஆனையூரில் எல்லோரும் வண்டி கழுவுவார்கள். எங்கள் தெருவில் ஒருவர் மட்டும் படகு மோட்டாருக்கு கியர் ஆயில் மாற்றுவார். இதைப் பார்க்காமல் கீழே போய் நான் என்ன சுண்டலா கிண்ட?

படகு எங்கே என்று கேட்காதீர்கள். பதினோரு வருஷமாக நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாம்பனுக்குப் போன இடத்தில் அவர் மனைவி பாண்டீஸ்வரி போட்டில் ஏற ஆசைப்பட்டாள். வரிசை நீளமாக இருந்ததாம். நம் சொந்தப் போட்டில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, யாரோ கழித்துக்கட்டிய மோட்டாரை அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்தார்.

மோட்டார் வந்துவிட்டது, போட்டு பின்னால் வரும் என்றார்.

தண்ணி லாரி ஓட்டுகிற மனுஷன். தெருவுக்கெல்லாம் தண்ணீர் வந்தது. போட்டு வரவில்லை.

வாசலில் ஒரு மரச்சட்டத்தில் மோட்டார் தொங்குகிறது. மாதம் ஒரு தடவை கயிற்றைச் சுண்டி ஓட்டுவார். பத்து எண்ணியதும் நிறுத்திவிடுவார். தண்ணீரில்லாமல் அதற்கு மேல் ஓடினால் உள்ளே வெந்துவிடுமாம்.

அந்தப் பத்து எண்ணிக்கைக்கும் அவர் கண் மூடியிருக்கும்.

சொன்னால் சிரிப்பீர்கள். எதிர்ச் சுவர், முருங்கை மரம், இஸ்திரி வண்டி எல்லாம் மெல்லப் பின்னால் நகர்கிற மாதிரி எனக்கே தோன்றும். எட்டு. ஒன்பது. பத்தில் தெரு பழையபடி கரை தட்டி நின்றுவிடும்.

பாண்டீஸ்வரி முதன்முதலாகப் போட்டில் ஏறினால் அது தன்னோடுதான். இதை அவர் சொல்லாத ஆள் தெருவில் இல்லை. அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை, நான் பார்க்காததும் குறைவு.

ஆயில் வருஷா வருஷம் ஊற்றினபடியே இறங்கும். தேன் நிறம். தூசு இருக்காது. அதையே திரும்ப ஊற்றினால் என்ன என்று மாடியிலிருந்து ஒரு தடவை கேட்டேன்.

"ஆயிலுக்கு வயசாகும்க்கா" என்றார்.

உள்ளே தண்ணீர் புகாமல் ஸ்குருவில் மாட்டுகிற வாஷருக்கு மட்டும் வயசே ஆகாது போல. பழையதையே வேட்டி நுனியில் துடைத்து மாட்டிவிடுவார். தண்ணீர் பார்க்காத மோட்டாருக்குப் புது வாஷர் எதற்கு?

இன்று முதலில் தண்ணீர் வந்தது.

ஒரு மடக்கு இருக்கும். அதன் பின்னால் ஆயில், வெள்ளையாக, பால் கூடிப்போன டீ மாதிரி.

ஆயிலுக்குக் கீழே தட்டை ஏந்தியிருந்த பாண்டீஸ்வரி அதை அப்படியே பிடித்திருந்தாள். நானாக இருந்தால் தட்டைப் போட்டிருப்பேன்.

அவர் விரலால் தொட்டுத் தேய்த்தார். மோந்து பார்த்தார். வெள்ளை நூல் அறாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. தெருவில் வண்டி கழுவுகிற சத்தமெல்லாம் எங்கோ தொலைவில் கேட்டது.

"எந்தக் கம்மால எறக்குன?" என்றார்.

"மேலூருப் பக்கம். எந்தம்பி மீன் குத்தக எடுத்த கம்மா, அவன் போட்டுதான். நீங்க பங்காளிகளோட உசிலம்பட்டி போனீகள்ல, அன்னைக்கி."

அவர் விரலில் ஒட்டிய வெள்ளையை வேட்டியில் துடைத்தார்.

"ஒங்க போட்டு வாரதுக்குள்ள எம் முட்டி போயிரும்யா" என்றாள் பாண்டீஸ்வரி. "போட்டு வரும்னு நெனச்ச ஆளு, ஒரு வருசமாச்சும் வாஷர மாத்தியிருப்பீகள்ல?"

அவர் இரண்டு வாஷர்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நசுங்கி, விளிம்பு வெடித்துக் கிடந்தன. வெகு நேரம் பார்த்தார். பிறகு சாக்கடையில் எறிந்தார்.

"நல்லாருந்துச்சா?"

"ம்."

"ஆயில் முழுசா வடியட்டும். புது வாஷர் வாங்கிட்டு வாரேன்."

செருப்பை மாட்டியவர் என்ன நினைத்தாரோ, தலையைத் தூக்கி என் மாடியைப் பார்த்தார்.

"சாரதாக்கா, ரேஷன் கடைக்கே ஒங்க தொணையில்லாமப் போக மாட்டாளே இவ."

நான் ஈரச் சேலைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

என் காதில் விழுந்த சேதி பொழுது சாய்வதற்குள் பஸ் ஸ்டாப் வரை போய்விடும் என்பார்கள். போகும்தான். இந்த ஒன்றை மட்டும் முப்பத்திரண்டு நாளாக வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறேன்.

போட்டில் நாலு சுற்று. மூன்றாவது சுற்றில் பாண்டீஸ்வரி மோட்டார் பிடியை என் கையில் கொடுத்தாள். கண்மாய்த் தண்ணீருக்கு மேல் கருவேல மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. தலைக்குத் தலை கொக்குகள். எங்களைப் பார்த்து ஒன்றுகூடப் பறக்கவில்லை.

நான் கண்ணை மூடி எண்ணினேன்.

பத்தைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது.