ஆறு கிலோவாட்

டுல்லியோ குடிவந்த ஜெனோவா வீட்டின் மின் ஒப்பந்தம் சொந்தக்காரி ஒர்னெல்லாவின் பெயரில் இருந்தது. மூன்று கிலோவாட்.

"ஆறா மாத்திக் குடுங்க சிஞ்ஞோரா. கூடுற பில் என் பொறுப்பு" என்று அவளிடம் கேட்டான்.

"ரெண்டே பேருக்கு ஆறா? என் பிள்ளைங்க நாலும் மூணுலதான் வளந்துச்சு. கரண்ட் அடுப்பு எரியறப்போ வாஷிங் மெஷினப் போடாத. போட்டா மீட்டர் ட்ரிப் ஆவும், கீழ இறங்கிப்போய் ஸ்விட்சத் தூக்கிவிட்டுக்கோ. ஊரே அப்படித்தான் இருக்கு."

"எங்களுக்கு நடுவுல கரண்ட் போகக் கூடாது."

"ஏன், வீட்டுக்குள்ள லைட்டு போட்டுக் கஞ்சா வளக்கறியா?"

அவன் சிரித்து மழுப்பினான். உண்மையைச் சொன்னதும் முந்தைய வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லியிருந்தார்.

அந்த மழுப்பல் ஒர்னெல்லாவை உறுத்தியது. ஞாயிறு மத்தியானம் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். விளக்கு, ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளறையில் மட்டும் ஏதோ ஓடும் சத்தம்.

"மாட்டினியா!" என்று கதவைத் தள்ளினாள்.

டுல்லியோவின் மனைவி மிரெல்லா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவள் கையிலிருந்து சிவந்த குழாய் ஒன்று பக்கத்து இயந்திரத்துக்குள் போனது. இன்னொன்று திரும்பி வந்தது.

"அது... இவ ரத்தமா?"

"ஆமா. சிறுநீரகம் ரெண்டும் போச்சு. ரத்தம் இதுக்குள்ள போய்ச் சுத்தமாகித் திரும்புது" என்றான் பக்கத்தில் நின்ற டுல்லியோ.

"முழுக்கவா?"

"முழுக்க. திரும்பத் திரும்ப."

"தொட்டுப் பாருங்க" என்றாள் மிரெல்லா.

ஒர்னெல்லா ஒரு விரலால் குழாயைத் தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து, தேவாலயத்தில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஆறு போதுமா தம்பி?"