ஒன்பதாவது விதி

"ஆளைத் தூக்கணும். ஆனா நான்தான் தூக்கச் சொன்னேன்னு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது."

அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கணினியில் இப்படித் தட்டினார் மெத்தைக்காரர். மறுமுனையிலிருந்து உடனே பதில் வந்து விழுந்தது. "யாரை?"

"என் மனைவியோட தம்பியை."

கொலைக்கு ஏற்பாடு என்று பதற வேண்டாம். மெத்தைக்காரர் கொசுவைக்கூட விரட்டுவாரே தவிர அடிக்க மாட்டார். மச்சானைத் தூக்க வேண்டியது கமிஷன் பட்டியலிலிருந்துதான்.

அவர் இணையத்தில் மெத்தை விற்கிறார். யார் வேண்டுமானாலும் பதிவு செய்து தனக்கென்று ஒரு லிங்க் வாங்கிக்கொள்ளலாம். அந்த லிங்க் வழியாக யாராவது மெத்தை வாங்கினால், அனுப்பியவருக்குப் பத்து சதவீதம்.

முதல் ஆளாகப் பதிவு செய்தவன் மச்சான். வேலையை விட்டுவிட்டு மூன்று மாதமாக அக்கா வீட்டில் டேரா போட்டிருப்பவன். மத்தியானம்வரை மெத்தைக்காரரின் சாம்பிள் மெத்தையில் தூங்குவான், எழுந்ததும் சொந்தபந்தம் எல்லோருக்கும் லிங்க் அனுப்புவான். எப்படியும் இவரிடமே வாங்கியிருக்கக்கூடியவர்கள்கூட அவன் லிங்க்கில் வாங்கினார்கள். மெத்தைக்காரருக்கு வயிறு எரிந்தது.

பெயரைச் சொல்லி நீக்கினால் மனைவி பார்த்துவிடுவாள், வீடு ரணகளமாகிவிடும். அதனால், மச்சான் மட்டும் தானாக வெளியே விழுகிற மாதிரி விதிகள் போட ஆள் தேவை என்று நேற்று ஒரு தளத்தில் விளம்பரம் கொடுத்தார். ஐந்தாவது நிமிடமே வந்து நின்றவர்தான் இந்த 'விதிமன்னன்'. முகமும் தெரியாது, குரலும் தெரியாது. எல்லாம் எழுத்தில்தான்.

"முதல் விதி. என் வீட்டு விலாசத்துல இருக்கிறவங்களுக்குக் கமிஷன் பூஜ்யம்."

"உங்க வீட்டம்மாவும் பட்டியல்ல இருக்காங்களே. அவங்களும் அடிபடுவாங்க."

"ஐயையோ! அவளுக்கு அடிபட்டா எனக்கு அடி விழும். வேற போடுங்க."

காலை பத்து மணிக்குள் லிங்க் அனுப்பினால்தான் கமிஷன் என்று மாற்றினார்கள். ஒரே நாளில் நான்கு அத்தைகளுக்கு மேல் அனுப்பினால் கிடையாது என்று இன்னொன்று.

"அத்தைன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?" என்று விதிமன்னன் கேட்டார். மெத்தைக்காரர் சளைக்காமல் உட்கார்ந்து மனைவி வழி அத்தைகள் பதினேழு பேரின் கைபேசி எண்களையும் தட்டிக் கொடுத்தார்.

"இதுல நாலாவது அத்தை நம்பரை மாத்தி ரெண்டு மாசம் ஆச்சே," என்றது திரை.

மெத்தைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எப்படி இந்த ஆளுக்குத் தெரியும்? ஒருவேளை விதிமன்னனே மச்சான்தானோ?

கைபேசியோடு பூனை மாதிரி வெளியே வந்தார். மச்சானின் அறையை எட்டிப் பார்த்தால், அவன் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் கைபேசி மூலையில் சார்ஜில் கிடந்தது. "இருக்கீங்களா?" என்று இவர் விதிமன்னனுக்குத் தட்டினார்.

"இருக்கேன். அந்த நம்பர் செத்துப்போச்சுன்னு சாப்ட்வேர் காட்டுது. அதான் சொன்னேன்."

குறட்டை நிற்கவில்லை. மெத்தைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹாலில் மனைவி காதில் ஹெட்போனும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தாள். சீரியலில் உச்சக்கட்டம் போலிருக்கிறது, இவர் கடந்து போனதற்குத் தலைகூட நிமிரவில்லை.

திரும்பவும் தாழ். ஏழாவது விதி, சாம்பிள் மெத்தையைத் திருப்பித் தராதவர்களுக்குக் கமிஷன் இல்லை என்பது. அதில் மச்சான் வசமாக மாட்டினான்.

"எட்டாவதுதான் முக்கியம்," என்று தட்டினார். "என் மனைவி பட்டியலைத் திறந்தா மட்டும் இந்த விதி எதுவும் தெரியக் கூடாது. தம்பிக்குப் பத்து சதவீதம் போற மாதிரியே காட்டணும்."

"அவங்க கண்டுபிடிச்சுட்டா?"

"அவளா? மூணு வேளையும் லேப்டாப்புல சீரியல் பார்ப்பா. கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். அவ்வளவுதான் அவ படிப்பு!"

விதிமன்னன் ஏதோ தட்டுவதாக மூன்று புள்ளிகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. ஒரு நிமிடம் கழித்து ஒரே ஒரு சொல் வந்தது. "சரி."

மணி ஒன்றாகி, மெத்தைக்காரருக்குப் பசி வயிற்றைக் கிள்ளியபோது, "எல்லா விதியும் ஓட ஆரம்பிச்சாச்சு, பாருங்க," என்று செய்தி வந்தது. ஆசை ஆசையாகத் திறந்தார். மச்சானின் பெயருக்கு நேரே பூஜ்யம்! மூன்று மாத எரிச்சல் அடங்கி, அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போதுதான் கவனித்தார். அவர் சொன்னது எட்டு விதி, திரையில் இருந்தது ஒன்பது. ஒன்பதாவதில் எழுத்தே இல்லை, ஒரு பூட்டுப் படம் மட்டும் இருந்தது.

"ஒன்பதாவது விதி என்னங்க?" என்று தட்டினார்.

திரையில் பதில் வரவில்லை. ஹாலில் லேப்டாப் மூடும் சத்தம் 'டப்' என்று கேட்டது. தொடர்ந்து மனைவியின் குரல்:

"எட்டாவதைத் தூக்குற வரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு பூஜ்யம்!"