சூட்டுக்கு மூன்று பொருள்

எருமைத்தோல்கூட இவர் தோலைவிட மெல்லிசாகத்தான் இருக்கும் என்று எதிரே இருந்த பேராசிரியரைப் பார்த்து நினைத்தபடியே அவள் அகராதியின் அடுத்த கார்டை எடுத்தாள். சொற்களின் மீதுள்ள ஆசையில் ஒன்பது வருஷமாக அதை எழுதுவது அவள். முகப்பில் வரப்போவது பேராசிரியரின் பெயர் மட்டும்.

“சூடு. முதல் பொருள், வெப்பம். ‘அடுத்தவர் மூட்டிய தீயின் சூட்டில் அவர் குளிர்காய்ந்தார்.’”

“சபாஷ்!”

“இரண்டாவது, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த காயம். ‘அவர் போட்ட சூடு இன்னும் ஆறவில்லை.’ மூன்றாவது, மான உணர்வு. ‘எத்தனை சொன்னாலும் அவருக்குச் சூடு சொரணை கிடையாது.’”

பேராசிரியர் தொடையில் தட்டிச் சிரித்தார். “பிரமாதம்! இந்த ஆளை எங்க புடிச்ச?”

“பக்கத்துலதாங்க.”

“இப்படியும் ஜென்மங்க இருக்கு, பாரு! சரி, சமர்ப்பணம் ஒண்ணுதான் பாக்கி. ‘என் அன்பு மனைவிக்கு’ன்னு உருக்கமா நாலு வரி எழுதிக் குடு. அதெல்லாம் உனக்குத்தான் நல்லா வரும்.”

“யார் பேரைப் போடணும்?”

“இது என்ன கேள்வி? இப்ப இருக்கறவ பேரைத்தான். உன்னை விவாகரத்து பண்ணி ஆறு வருஷமாச்சு, உன் பேரையா போட முடியும்?”

அவள் பேனாவை மூடினாள். கார்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இல்லீங்க, நான் எழுதலை” என்றாள்.