மூணாவது பக்கத்தில் ஒரு தப்பு

"மூணாவது பக்கத்துல ஒரு வார்த்தை தப்பா இருக்குது கண்ணு."

ப்ரார்த்தனாவுக்குச் சுருக்கென்றது. டைப் செய்த தாள்களை மேசையில் விரித்து, ஒரு வரியின் மேல் விரலை ஊன்றியபடி எதிரே உட்கார்ந்திருந்தாள் சித்தம்மா. கௌதள்ளியிலிருந்து பஸ் பிடித்து அவள் மைசூருக்கு வருவது இது ஐந்தாவது வாரம். வாரத்துக்கு ஒரு தப்பு!

சித்தம்மாவின் கணவர் சென்னப்பன், நஞ்சன்கூடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் பாய்லர் வெடித்து இறந்துபோனவர். அதற்குப் பத்து நாள் முன்பு பாய்லர் பழுதைப் பற்றி அவர் சூப்பர்வைசரிடம் முறையிட்டதை, கூட இருந்த யூனியன்காரர் டேப்பில் பதிவு செய்திருந்தார். வழக்குக்கு உயிரே அந்தக் கேசட்தான். அதில் இருப்பதை ஓர் எழுத்துப் பிசகாமல் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது ப்ரார்த்தனாவின் வேலை. வக்கீல் கேசவமூர்த்தியிடம் அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"போன வாரமும் இப்படித்தாம்மா சொன்னீங்க. போட்டுப் பார்த்தா எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"இந்தவாட்டி நெசமாலுமே தப்பு கண்ணு. ஒருக்கா போட்டுப் பாரேன்."

பெருமூச்சோடு டேப்ரிக்கார்டர் பொத்தானை அழுத்தினாள். இருமலுக்குப் பின் சென்னப்பனின் குரல் வந்தது.

'பைப்பு கசியுதுங்க சார். பார்த்து ஏதாச்சும் பண்ணுங்க. நமக்கும் வூட்ல ஒருத்தி சோறாக்கி வெச்சுட்டுக் காத்துட்டு இருக்கறா...'

சித்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ப்ரார்த்தனா பேனா முனையால் வார்த்தை வார்த்தையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"பாருங்க, ஒரு தப்பும் இல்ல."

"அப்படியா? அப்ப அதுக்கு மேல் வரியா இருக்கும். இன்னொருக்கா போடு கண்ணு."

மறுபடியும் போட்டாள். மறுபடியும் எல்லாம் சரியாகவே இருந்தது. 'அடிச்ச எனக்குத் தெரியாத தப்பு இவங்க கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியுதோ' என்று மனசுக்குள் பொருமினாள்.

உள்ளறையிலிருந்து கேசவமூர்த்தி எட்டிப் பார்த்தார்.

"ஆய்த்தா ப்ரார்த்தனா, முடிஞ்சுதா? நாளைக்குக் கேசட்டை சீல் வெச்சுக் கோர்ட்ல ஒப்படைச்சுடணும். அப்புறம் அது நம்ம கைக்கு வராது."

சித்தம்மாவின் முகம் வெளிறியது.

"இன்னும் தப்பு இருக்குதுங்க சார். நாலாவது பக்கத்துல..."

"போதும்மா!" ப்ரார்த்தனா தாள்களை வெடுக்கென்று இழுத்து அடுக்கினாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பேனாவை நீட்டினாள். "'நானே படிச்சுப் பார்த்தேன், எல்லாம் சரியா இருக்கு'ன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

சித்தம்மா பேனாவை வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இடது கைக் கட்டைவிரலை நீட்டினாள்.