பேரைக் கேட்ட காவக்காரன்

ஒரு ஆளோட வயித்துக்குள்ள, குடல் வாசல்ல, சடையன்னு ஒரு வெள்ளையணு காவலுக்கு நின்னான். பரம்பரையா வந்த சீட்டு ஒண்ணு அவன் கையில இருந்துச்சு. "வர்றவன அடி"ன்னு அதுல எழுதியிருந்துச்சு. "தெரிஞ்சவன விட்டுடு"ங்கிற அடுத்த வரி, நகலெடுக்கும்போதே விட்டுப்போச்சு.

அன்னிக்கும் தயிரோட புளிச்சி வந்தா. நல்ல கிருமி, தெனம் வர்றவ. சடையன் கம்ப ஓங்கினான். அவ விலகிக்கிட்டா, அடி குடல் சுவத்துல விழுந்துச்சு. ஏற்கெனவே வீங்கிக் கிடந்த சுவரு முனகுச்சு.

"வர்றவன அடி"ன்னு புளிச்சி அவன மாதிரியே இல்லாத மீசைய முறுக்கிக் காட்டினா. "நேத்தும் இப்படித்தான அடிக்க வந்தீங்க, அண்ணே? இன்னும் ரெண்டு அடி விழுந்தா சுவரு கிழிஞ்சிரும்."

சடையன் கம்பக் கீழ எறக்கினான். "நான் என்ன பண்ண, புள்ள? பாத்த மூஞ்சி மனசுல நிக்க மாட்டேங்குது."

"நிக்காட்டி போகட்டும். அடிக்கிறதுக்கு முன்னால பேரக் கேளுங்க. நான் தெனம் சொல்றேன்."

மறுநாளும் அவள அவனுக்கு அடையாளம் தெரியல. கம்பு தானா மேல போச்சு. பாதியில நிறுத்தி, "நீ யாரு, தாயி?"ன்னு கேட்டான்.

"புளிச்சி, அண்ணே."

"மெதுவாப் போ. சுவரு இப்பதான் கண்ணசந்திருக்கு."